கெங்கம்மாளைக் கேட்டுத்தான்

கோபால்சாமிக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் புதிதாக எதையும் ஏற்ற அவருக்கு அனுமதி இல்லை. இந்தச் சங்கதி ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் அவர் ஊர். வீட்டு முன்னறைதான் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. போன வருஷம் ஒருநாள் திரையில் ஒரு பெட்டி வந்து, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே, வேகமாக்கட்டுமா என்று கேட்டது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர், 'யெஸ்' அமுக்கிவிட்டார். மறுநாள் ஊரார் கொடுத்து வைத்திருந்த சாதிச் சான்று, பட்டா, மார்க் ஷீட் அத்தனையும் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. ஒரு மாதம் ஊரே மறுபடி காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. சிலர் திட்டினார்கள். திட்டாதவர்களைப் பார்க்கத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் ஈஸ்வரி லீவு போட்டு வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினாள். இந்த முறை அப்பா வெறும் யூசர். அட்மின், அம்மா கெங்கம்மாள்.

"அஞ்சாவது படிச்சவளுக்கு இன்னா தெரியும்னு அவளப் போட்ட?" என்று குதித்தார் கோபால்சாமி.

"அம்மா எதுக்கும் லேசுல சரின்னு சொல்ல மாட்டாங்கப்பா. அட்மினுக்கு அது போதும்."

ரேகைக் கருவியில் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பதிவு செய்தாள். கருவி ரேகையை எடுக்காத சமயத்துக்கு நாலு எண் ஒன்றையும் அம்மாவையே யோசித்துப் போடச் சொன்னாள். அதற்கு முன் அப்பாவை வெளியே அனுப்பினாள்.

அதன்பிறகு எதை ஏற்றப் போனாலும் திரையில் கெங்கம்மாள் பெயர் வந்து நிற்கும். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் விரலை வைப்பாள். கடையில் ஆள் இருந்தால் கோபால்சாமி அவளைக் கூப்பிடமாட்டார். 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்று சொல்லிச் சமாளிப்பார்.

அந்தப் புதன்கிழமை அப்படிச் சொல்ல முடியவில்லை. மேட்டுத் தெரு சந்திரன் மகள் ரேணுகாதேவி மூன்றே முக்காலுக்கு ஓடி வந்தாள். மறுநாள் காலை ஏழரைக்குத் திருவண்ணாமலையில் அவளுக்கு வேலைக்கான தேர்வு. ஹால் டிக்கெட் கையில் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். நாலரைக்குக் கடைசி பஸ். அது மலை இறங்கிப் போய்ச் சேருவதற்குள் ராத்திரியாகி, ஜெராக்ஸ் கடைகளை அடைத்துவிடுவார்கள். விடிகாலையில் எவன் கடை திறந்து வைத்திருப்பான்?

கோபால்சாமியின் பழைய பிரிண்டர் போன வாரம் உயிரை விட்டிருந்தது. முந்தின நாள்தான் திருப்பத்தூரில் ஒரு பழைய பிரிண்டர் வாங்கி வந்திருந்தார். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதை இயக்கும் 'டிரைவர்' சாஃப்ட்வேரை நெட்டில் தேடினார். முதலில் வந்த வெப்சைட்டில் பச்சையாக, பெரிதாக ஒரு பட்டன். அமுக்கினார். இறங்கியது. உடனே கெங்கம்மாள் பெயரோடு பெட்டி வந்து நின்றது. ஈஸ்வரிக்குப் போன் போட்டார். ஷிப்டில் இருந்தாள் போல, ஸ்விட்ச் ஆஃப்.

வேறு வழியில்லை. ரேணுகா பார்க்கப் பார்க்க, "கெங்கா, கொஞ்சம் வா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

கொல்லையில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் வந்து விரலை வைத்தாள். எடுக்கவில்லை. துடைத்து வைத்தாள். கழுவிவிட்டு வந்து வைத்தாள். அப்போதும் எடுக்கவில்லை.

"ஒழுங்கா வைக்கத் தெரியல ஒனக்கு" என்று அவள் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றார். விரல் நுனியில் ஒரு ரேகைகூட இல்லை. வழவழவென்று தேய்ந்து, ஓரமெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

"இன்னா இது, இப்டி ஆயிருக்கு?"

"கொட்ட எடுத்தா இப்டிதான் ஆவும். வருசா வருசம் ஆவுறதுதான்."

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த கையை அவர் இன்றைக்குத்தான் பார்த்தார்.

"நம்பரு போடு. நான் திரும்பிக்கிறேன்."

"வேணாம், அமுக்கினா எரியுது. நீங்களே போடுங்க. நம்ம செவல மாடு காதுல மஞ்சளா வில்ல இருந்துச்சே, அதுல கடசி நாலு. ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது."

கோபால்சாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆறு வருஷம் முன்பு கெங்கம்மாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், ஒரு வியாபாரி கேட்டான் என்று அந்த மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் அழுதாள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தார்.

நாலு எண்ணையும் போட்டார். இனி 'யெஸ்' அமுக்க வேண்டியதுதான்.

"மாமா, நாலு பத்து ஆயிடுச்சி" என்றாள் ரேணுகா. அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

விரல் பட்டன் மேல் போய் நின்றது. அவர் அமுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெட்டியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கெங்கா, இத யாரு குடுத்ததுன்னு தெரியலன்னு போட்டிருக்குது. இன்னா பண்லாம்?"

"யாருன்னே தெரியாதவன எப்டி வூட்டுக்குள்ள வுடறது? ஊரு காகிதம் பூரா உள்ள கெடக்குது. வேணாம்."

"நோ" அமுக்கினார். ரேணுகாவுக்கு அழுகை வெடித்துவிட்டது. "நீ போயி பஸ்ஸ நிறுத்தி வை. நான் எட்த்தாரேன்" என்று அவளை விரட்டிவிட்டுப் பிரிண்டரைக் கவிழ்த்தார். அடியில் கம்பெனி பெயரும் நம்பரும் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்து, அந்தக் கம்பெனியின் வெப்சைட்டுக்கே போய் இறக்கினார். சிக்னல் நத்தை வேகத்தில் வந்தது. மறுபடி பெட்டி. இந்த முறை அதில் ஒரு பெயர் இருந்தது.

"அடியில ஒட்டியிருக்கிற பேரும் இதும் ஒண்ணுதான். போடட்டுமா?"

கெங்கம்மாள் குனிந்து பிரிண்டரையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எழுத்தின் வடிவம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதா?

"ஒண்ணுதான். போடுங்க."

பஸ் ஹாரன் மூன்றாவது தடவை அடித்தபோது கோபால்சாமி ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார். ஐம்பத்திரண்டு வயது ஓட்டத்தை ஊரே பார்த்துச் சிரித்தது. கண்டக்டர் கை நீட்டி வாங்கி ரேணுகாவிடம் கொடுத்தார்.

திரும்பி வந்தவர் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு கொல்லைக்குப் போய், புளிக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்காமலே அவள் கையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவினார்.

"நம்பர மாத்திடு கெங்கா. எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

"எதுக்கு? கேட்டுட்டுப் போட்டா போதும்."

அவர் எண்ணெய்ப் பாட்டிலை மூடி வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு மாட்டப் பத்திக் கேட்டிருந்தா, இன்னா சொல்லியிருப்ப?"

"குடுத்துடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் கெங்கம்மாள்.