கேட் ஆள் இல்லாமல் வந்த என்ஜின்

கரட்டுப்பட்டி ரயில்வே கேட்டில் காவலுக்கு ஆள் கிடையாது. கேட்டைச் சாத்துகிறவர் ரயிலிலேயே வருவார். வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கும். அவர் இறங்கி, இரண்டு கதவையும் சாத்திப் பச்சைக்கொடி காட்டுவார். வண்டி தாண்டிப்போய் மறுபடி நிற்கும். கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொள்வார். தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவிலிருந்த அந்த ஊரில் ரயிலுக்கு ஒருவரும் பயப்பட்டதில்லை.

அன்னத்தாய்க்கு மட்டும் ரயில் என்றால் பயமும் உண்டு, பைத்தியமும் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூசுவாள். ரயில் வந்தாலோ வேலிமர மறைவில் போய் நின்றுவிடுவாள். எங்கே ஊதும், எங்கே பிரேக் கிறீச்சிடும் என்பதெல்லாம் அவள் காதுக்கு அத்துப்படி.

அன்று உச்சிவெயிலில் அவள் அம்மா மலையம்மாள் அடுப்பெரிக்கப் பருத்திமார் ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டியோடு கேட்டில் ஏறினாள். தண்டவாளத்தை ஒட்டிய இடுக்கில் சக்கரம் இறங்கிச் சிக்கியது. மாடு முன்னங்கால் மடங்கி விழ, கழுத்துக்கயிறு இறுகிவிட்டது.

பின்னால் வந்த பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் சிரித்தாள். "ஏ மலையம்மா, மாட்ட வண்டியில ஏத்திட்டு நீ இழுத்திருக்கலாம்ல!"

"வாயப் பாக்காம வந்து தூக்குடி."

அப்போது தூரத்தில் ஊதல் கேட்டது.

"வரட்டும் வரட்டும்," என்றாள் கஸ்தூரியம்மாள். "கேட்டு அண்ணன் இறங்கி வருவாகள்ல, அவுகளையும் ஒரு கை பிடிக்கச் சொல்லுவோம்."

வேலியோரம் நின்ற அன்னத்தாய் காதைத் தீட்டிக்கொண்டாள். இது ரயில் வரும் நேரமில்லை. பெட்டிகளின் தடதடப்பும் இல்லை. தனி என்ஜின். பிரேக் பிடிக்கும் இடம் தாண்டியும் சத்தம் குறையவில்லை.

"அம்மா, நிக்காது!" என்று கத்தப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை.

என்ஜினை நோக்கித் தண்டவாளத்தில் ஓடினாள். ஜல்லி காலைக் கிழித்தது. கையில் கொடி இல்லாதபோது கேட் ஆள் ஒருமுறை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வண்டியை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறாள். அப்படியே தூக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். என்ஜின் அலறிக்கொண்டே பெரிதானது. உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. பாவாடை நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிரேக் கிறீச்சிட்டது. அனல் முகத்தில் அடிக்கும் தூரத்தில் வந்து நின்றது.

டிரைவர் குதித்து இறங்கினார். "சாகவா வந்த? கேட்டுல ஆளு நிக்கிறாருன்னு சொல்லித்தான அனுப்புனாக..." அவள் தலைக்கு மேலாகப் பார்த்தவர் பாதியில் நிறுத்தினார். கேட் திறந்து கிடந்தது. மாட்டு வண்டி குறுக்கே நின்றது. கேட்டைச் சாத்த வேண்டியவர் சாயங்கால ரயிலுக்காகப் போடியில் காத்திருந்தார்.

"சரி தாயி, நின்னாச்சு. கையக் கீழ போடு."

அவள் போடவில்லை. கண்ணை எடுத்தால் என்ஜின் நகர்ந்துவிடும் என்று திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்கம்மா அங்கிட்டுப் போயிட்டாளா?"

"இல்ல. மாட்டக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்காக. கயித்த அறுக்குறாக."

"அப்பப் போடமாட்டேன்."

டிரைவர் அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு ஏறிப்போய் என்ஜினை அணைத்தார்.