ஹாரன் அடித்தால் வருவோம்

அந்த ஆகஸ்டிலாவது மனைவி அகிலாவைத் துபாய்க்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பது கல்யாணசுந்தரத்தின் ஒரே கனவு. அதற்கு ஃபேமிலி விசா வேண்டும். விசாவுக்கு மேனேஜர் சம்பளம் வேண்டும். மேனேஜர் ஆவதற்கு, அல் குசைஸில் அவர் நிர்வாகம் பார்த்த கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் நேரம் குறைய வேண்டும். ஒரு மனிதனின் தாம்பத்தியத்தைக் கொண்டுபோய் வரவேற்பறை நாற்காலியில் கட்டிப்போட்ட புண்ணியவதி, ஹெட் ஆபீஸ் ஹாலிதா மேடம்.

"பெஞ்ச்மார்க்கிங் செய்யுங்கள்" என்று அவர் மெயில் அனுப்பியிருந்தார். "இந்த வேலை எங்கே நன்றாக நடக்கிறதோ, அங்கே போய்ப் பார்த்து அதுபோல மாற்றுங்கள். மாதக் கடைசியில் வருகிறேன்."

கல்யாணசுந்தரம் டை கட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்கே வலி என்று கேட்டான் வாசல் காவலாளி. வலியெல்லாம் இல்லை, உங்கள் வரிசையைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார் இவர். காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்து, "கலாஸ், கலாஸ்", போதும் கிளம்பு என்று அரபியில் சொல்லி வெளியே அனுப்பிவிட்டான்.

நொந்துபோய் எதிரே இருந்த கஃபெட்டீரியாவில் உட்கார்ந்தார். ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து ஒருவர் ஓடினார், கேட்டார், டீயோடு திரும்ப ஓடினார். வண்டிக்காரர் சீட்டை விட்டு அசையவே இல்லை. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு என்னவோ கல்யாணசுந்தரத்துக்குப் பொறி தட்டியது. இதைவிட நல்ல சேவை உலகத்தில் எங்கே நடக்கிறது?

மறுநாளே கிளினிக் வாசலில் போர்டு ஏறியது. 'வண்டியை விட்டு இறங்க வேண்டாம். ஹாரன் அடியுங்கள். நாங்கள் வருவோம்.'

"சாரே, டீ ஆறிப்போனா மாத்திக் குடுக்கலாம். ஊசியை மாத்திக் குத்த முடியுமா?" என்றாள் நர்ஸ் ஜெபகனி. கடலோரத்துக்காரி, மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். சொன்னாலும் ஓடினாள். பிரஷர் பார்ப்பது, ரிப்போர்ட் கொடுப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் கார் ஜன்னலிலேயே நடந்தது. கார்க்காரர்கள் பூரித்துப்போனார்கள். காத்திருக்கும் நேரம் மளமளவென்று இறங்கியது. கல்யாணசுந்தரம் அகிலாவுக்குப் போன் போட்டுப் பெட்டி வாங்கச் சொல்லிவிட்டார். அவசரக்குடுக்கை!

மாதக் கடைசியில் ஹாலிதா மேடம் வந்தார். உள்ளே உட்கார்ந்து கணக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த சாயங்கால வேளையில், வாசலில் ஊரே அதிர ஒரு ஹாரன் கேட்டது. கல்யாணசுந்தரம் ஓடிப்போய்ப் பார்த்தார். கட்டடக் கம்பெனி பஸ் ஒன்று நின்றிருந்தது. சைட்டிலிருந்து தங்கும் கேம்ப்புக்குத் திரும்பும் ஆட்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் நாகலிங்கம் தலையை நீட்டினார். "ஹாரன் அடிச்சா வருவோம்னு போட்ருக்கீகள்ல? வாங்க."

"அண்ணே, அது காருக்கு."

"ஏன், பஸ்ஸுல இருக்கறது ஹாரன் இல்லையா? எல்லார்ட்டயும் கம்பெனி குடுத்த உங்க கிளினிக் கார்டு இருக்கு சார். வழியில ஆளை எறக்கக் கூடாதுன்னு கம்பெனி ரூல். அதனாலதான் இம்புட்டு நாளா யாரும் வரல. எறங்கவே வேணாம்னு இப்ப நீங்களே எழுதிட்டீக."

கல்யாணசுந்தரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். இத்தனை பேருக்கும் டோக்கன் போட்டால் காத்திருக்கும் நேரம் ஏறி, கணக்கு நாறிவிடும். டோக்கன் போடாவிட்டால் கம்ப்யூட்டர் மருந்து தராது. போர்டைக் கழற்றிவிட்டு, யல்லா, கிளம்புங்கள் என்று சொன்னால் போதும். ஆகஸ்டில் அகிலா வந்துவிடுவாள். சொல்லத்தான் வாயெடுத்தார்.

ஜன்னலோரத்தில் ஒருவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு முழுக்கச் சீழ்.

"இதை ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் சார் எனக்கு லீவு. அன்னிக்கு நீங்களும் லீவு."

கோபம் கோபமாக வந்தது கல்யாணசுந்தரத்துக்கு. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "ஜெபகனி! டாக்டரைக் கூப்பிடு. எல்லாருக்கும் டோக்கன் போடு" என்று கத்திவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

உள்ளேயிருந்து வந்த ஹாலிதா மேடமும் ஏறி, மருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நம்ம கிளினிக்குகள்லயே இதுதான் இப்ப கடைசி. பஸ் தினமும் வரட்டும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இந்தக் கணக்கை வச்சு உங்களை மேனேஜராக்கச் சொல்லி மேல கேக்க முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

கல்யாணசுந்தரம் கிளினிக் வாசலிலேயே நின்று அகிலாவுக்குப் போன் போட்டார். பஸ் வந்த கதையையும் மேனேஜர் வேலை தள்ளிப்போனதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அந்தக் கையில புண்ணு வந்தவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"சுத்தம் பண்ணிக் கட்டியிருக்கு. சரியாயிடும்."

"அப்பச் சரி." அகிலா சிரித்தாள். "ஏங்க, காத்திருக்கறவங்க கணக்கெல்லாம் எடுக்கறீங்களே, நான் காத்துக்கிட்டிருக்கறது அதுல எந்தப் பக்கம் வருது?"

அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கல்யாணசுந்தரம் மொபைலைக் காதிலிருந்து எடுக்காமல் உள்ளே போய், அகிலா பேரில் ஒரு டோக்கன் போட்டார்.