ஆளுக்கொரு பேய்

ஈரத் துணியின் முனையைத் திரிபோல் முறுக்கித் தம்பியின் மூக்குக்குள் விட்டுத் துடைத்தாள் சந்திரவல்லி. துணி கறுப்பாக வெளியே வந்தது. அலசிவிட்டு மறுபடி துடைத்தாள். மறுபடியும் கறுப்பு.

"ஏலக்கா ஸ்டோர்ல புகைக்குள்ள வேலை பாத்த ஒடம்பு தங்கச்சி. மூக்குல கரி இல்லாமயா இருக்கும்?" என்று பின்னாலிருந்து ராஜாராம் சொன்னார்.

அவர் எஸ்டேட் சூப்பர்வைசர். காலையில் சுருளிவேலின் உடலை ஜீப்பின் பின்பக்கம் கிடத்திப் போடிமெட்டு வழியாகக் கீழே கொண்டுவந்தவர் அவர்தான். பந்தலுக்கு ஆள் பிடித்தது, கொட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டது எல்லாம் அவர்தான். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் தூக்கத்திலேயே போய்விட்டான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சுருளிவேலுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

சந்திரவல்லி தம்பியின் கைகளை எடுத்து நெஞ்சின்மேல் சேர்த்து வைத்தாள். வலது கை நகங்கள் பிய்ந்திருந்தன. நடுவிரல் நகத்துக்கு அடியில் ஒரு மரச்சிராய் ஏறி நின்றது. அதைப் பிடுங்கப் போனவள், பிடுங்காமல் விரல்களை மடக்கிப் புதுவேட்டியால் மூடினாள்.

"வெயில் ஏறுது. ஒடம்பு தாங்காது. வெரசா எடுத்துருவோம்," என்றார் ராஜாராம்.

"எங்க மாமா தேவாரத்துலருந்து கோடித்துணி கொண்டாறணும்ணே. தாய்மாமன் வராம எடுக்க முடியாது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பந்தலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

கொல்லையில் துவைகல்லின்மேல் கருத்தம்மா இருந்தாள். எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் சுருளிவேலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. உடலோடு ஜீப்பில் வந்தவள். மடியில் அவனுடைய துணிப்பையை வைத்திருந்தாள்.

"கருத்தம்மா, நீ பாத்தியா?" என்று அவளிடம் வந்து கேட்டாள் சந்திரவல்லி.

"நான் போறப்ப ஸ்டோர்க் கதவு தொறந்துதான் கெடந்துச்சுக்கா. உள்ள இன்னும் புகை அடங்கல. தகரக் குழாய் ஒண்ணு வெடிச்சுப் பொளந்திருந்துச்சு. சுருளி வாசப்படிகிட்டக் குப்புறக் கெடந்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சூப்பர்வைசரு தெனமும் வெளிப்பக்கம் பூட்டுப் போடுவாரு. நேத்தும் போட்டாரான்னு நான் பாக்கலக்கா. பாத்தேன்னு சத்தியம் பண்ண முடியாது."

பூட்டைப் பற்றித் தம்பி முன்பே சொல்லியிருந்தான். பறித்த பச்சை ஏலக்காயை ஸ்டோருக்குள் பரப்பிவைத்து, வெளியே அடுப்பை மூட்டி, அறைக்குள் ஓடும் தகரக் குழாய்களின் சூட்டில் உலர்த்துவார்கள். காயைப் புரட்டிப்போட ஒருவன் உள்ளே இருக்க வேண்டும். வறட்சியில் பாதிச் செடி கருகிப்போய், அந்த வருடம் ஏலக்காய் விலை எங்கேயோ ஏறியிருந்தது. உள்ளே இருப்பவன் களவாண்டு வெளியே கடத்திவிடுவான் என்று பூட்டுப் போட ஆரம்பித்தார்கள். 'என்னைய ஏலக்காயோட ஏலக்காயா வாட்டுறாய்ங்கக்கா' என்று சொல்லிச் சிரித்திருக்கிறான்.

கருத்தம்மா பையை நீட்டினாள். சந்திரவல்லி அதைப் பிரித்தாள். ஒரு சட்டை, ஒரு சீப்பு. அடியில், பாதை வரைந்து மடித்த ஓர் அட்டை, சோப்புப் பெட்டி அட்டையை வெட்டிச் செய்த சீட்டுகள், தாயக்கட்டை, ஒரு தீப்பெட்டி. அவனுடைய பேயாட்டம்.

மழை மாதங்களில் லயத்தைவிட்டு யாரும் வெளியே போக முடியாது. எல்லாரும் ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து பேய்க்கதை பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் சுருளிவேலுக்கு இந்த ஆட்டம் தோன்றியது. மற்ற ஆட்டங்களில் பேய் துரத்தும், மனிதன் ஓடுவான். இதில் ஆடுகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பேய்ச்சீட்டை எடுத்துப் பேயாகிவிடுவார்கள். ஒருத்தர் மட்டும் 'ஆள்'. அட்டையில் வரைந்த மலைப்பாதையில் அந்த ஆள் அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பேயும் தான் செத்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தில் உட்காரலாம். தாயம் விழுந்த பேய், ஆளை மறித்து ஒரு கேள்வி கேட்கும். அவன் சொல்வது பொய் என்று மற்றப் பேய்கள் சொன்னால், அவன் முன்னால் அடுக்கியிருக்கும் தீக்குச்சிகளில் ஒன்றை எடுத்துவிடுவார்கள். தீக்குச்சிதான் அவனுடைய மூச்சு.

ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவோடுதான் ஆடிப் பார்ப்பான். அவள் போடியில் ஏலக்காய் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கித் தரம் பிரிப்பவள். சொத்தையை எடுத்துப் போடுவதுபோலவே ஆட்டத்தில் உள்ள ஓட்டையையும் எடுத்துப் போடுவாள். முதலில் அவன் செய்தபோது பேய் தாயம் போட்டதுமே ஆள் செத்துவிடுவான். "எடுத்த எடுப்புல கொன்னுட்டா அப்பறம் என்னடா ஆட்டம்?" என்றாள். அடுத்த தடவை வந்தபோது கேள்விகள் வந்திருந்தன. ஆனால் பேய்கள் 'நீங்க, வாங்க' என்று பேசின.

"செத்ததுக்கப்பறமும் மரியாதையாடா?" என்று கேட்டாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அதிலிருந்து, பேய் யாரையும் 'நீ' என்றுதான் பேசும் என்று ஆயிற்று. லயமே அந்த ஆட்டத்துக்குப் பைத்தியமானது அதற்குப் பிறகுதான். ராஜாராமும் சில சாயங்காலங்களில் வந்து உட்காருவார். எப்போதும் முனிதான் எடுப்பார். ஒரு தடவைகூட ஆளாக இருக்கச் சம்மதித்ததில்லை.

சந்திரவல்லி பையோடு பந்தலுக்கு வந்தாள். கொட்டுக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஓரத்தில் நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட் ஜீப் டிரைவர் கன்னையன் தலையைக் குனிந்தபடி தனியாக இருந்தான்.

"கன்னையா, இங்க வா. மாமா வர்ற வரைக்கும் தம்பி ஆட்டத்த ஒருக்க ஆடுவோம்."

"எழவு வீட்டுல என்னத்தா இது?" என்றார் ஒரு பெரியவர்.

"அவனா யோசிச்சுப் பண்ணுனது பெரியப்பா. அவன் கண்ணு முன்னாடி ஒருக்க ஆடி அனுப்பிருவோம்."

அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை. அவள் பாய் விரித்து அட்டையைப் பரப்பினாள். "நீங்களும் வாங்கண்ணே. ஆள் இல்லாம ஆட்டம் இல்ல."

"நான் முனில்ல எடுப்பேன்?" என்றார் ராஜாராம்.

"இன்னைக்குப் பேய்களையெல்லாம் நாங்க எடுத்துட்டோம்."

பந்தலே அவரைப் பார்த்தது. செத்தவன் என் பிள்ளை மாதிரி என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். வேட்டியை மடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். சந்திரவல்லி அவர் முன்னால் தீக்குச்சிகளை அடுக்கினாள்.

கன்னையன் முண்டத்தை எடுத்தான். மலை ரோட்டு வளைவில் லாரியில் அடிபட்டுத் தலை போன கதையைச் சொன்னான். கருத்தம்மா கொள்ளிவாய்ப் பிசாசு. ஏதோ ஒரு கதையைச் சொல்லி முடித்தாள். சந்திரவல்லி சீட்டுகளிலிருந்து படம் வரையாத ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஸ்டோருக்குள்ள செத்தேன்," என்றாள்.

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காயப் பொரட்டிப் போட உள்ள போனேன். கதவச் சாத்துற சத்தம் கேட்டுச்சு. அது எப்பவும் கேக்குறதுதான். அப்பறம் குழாய் வெடிச்சுச்சு. கண்ணு தெரியல. செவுத்தத் தடவித் தடவிக் கதவுக்கு வந்தேன். தள்ளுனேன், தெறக்கல. நகத்தால பெராண்டுனேன்."

"தங்கச்சி, இதெல்லாம் எதுக்கு இப்ப..."

"பேய்க்குத் தங்கச்சி மொறை கெடையாது. கட்டைய உருட்டு."

அவர் உருட்டினார். கை வேர்த்திருந்ததால் கட்டை நழுவி விழுந்தது. பாதையில் கொஞ்சம் ஏறினார். அடுத்து அவள் உருட்டினாள். தாயம்.

"நீ எங்க இருந்த?"

"ஆள்... ஆள் பங்களாவுல படுத்திருந்தான்."

"பொய்யி," என்றான் கன்னையன். வாழ்நாளில் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவன். "நீ ஆபீஸ் ரூம்புலதான் படுப்ப. ஸ்டோருக்கு ஒட்டுன ரூம்பு."

சந்திரவல்லி ஒரு குச்சியை எடுத்தாள். ராஜாராம் சிரிக்கப் பார்த்தார். சுற்றி இருந்த யாரும் சிரிக்கவில்லை. தாயம் கருத்தம்மாவுக்கு விழுந்தது.

"பூட்டுப் போட்டியா நீ?"

"எப்பவும் போடுறதுதான? நான் என் இஷ்டத்துக்கா போடுறேன்? மொதலாளி உத்தரவு..." சொன்ன பிறகுதான் அவருக்குச் சுரணை வந்தது. "ஆட்டத்துக்குச் சொன்னேன்."

கட்டை மறுபடி சந்திரவல்லியின் கைக்கு வந்தது. அவள் உருட்டவில்லை.

"நான் கதவத் தட்டுனேன். கத்துனேன். கேட்டுச்சா ஒனக்கு?"

அவர் மீதிக் குச்சிகளை விரலால் நேராக்கினார்.

"கேட்டுச்சா?"

"அவன் தெனமும் அப்படித்தான் பண்ணுவான்!" என்று ராஜாராம் கத்தினார். "உள்ளருந்து ஊளையிடுவான், கதவ இடிப்பான். என்னடான்னா, பேய்க்கொரல் பழகுறேன்ம்பான். நேத்தும் வெளையாடுறான்னு நெனச்சேன். சத்தியமா, வெளையாடுறான்னுதான் நெனச்சேன். அப்பறம் சத்தம் நின்னுபோச்சு. தூங்கிட்டான்னு நானும் தூங்கிட்டேன்."

உடலின் தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்தியிருந்தார்கள்.

"எம்புட்டு நேரம் தட்டுனான்?" என்று கேட்டாள் சந்திரவல்லி.

அவர் எழுந்து ஜீப்பைப் பார்த்து நடந்தார். கன்னையன் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். சீட்டாடியவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். இன்னொருவர் வேட்டியைத் தூக்கிக் கட்டியதைப் பார்த்ததும் ராஜாராம் பின்வாங்கி, திறந்து கிடந்த வீட்டுக்குள் நுழைந்து அறையில் ஒதுங்கினார். சந்திரவல்லி பின்னாலேயே போய்க் கதவை இழுத்துச் சாத்தி வெளியே நாதாங்கியை மாட்டினாள்.

"தொற தங்கச்சி! அடிக்க வர்றாகன்னுதான உள்ள வந்தேன், ஏன் பூட்டுற?"

அறைக்குத் தெருப்பக்கம் ஜன்னல் உண்டு. அது திறந்துதான் இருந்தது. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வந்துகொண்டிருந்தன. ஆனாலும் மூச்சு முட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்று கதவை இடித்தார். அவள் உள்ளங்கையைக் கதவில் பதித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு இடியும் கையில் ஏறி முழங்கைவரை வந்தது.

"இன்னும் தட்டு," என்றாள். "நல்லாத் தட்டு."

அம்மா ராமுத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தொறந்து விடுடி அவன."

"போலீசு வரட்டும் ஆத்தா."

"வந்து என்ன செய்வாக?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாக."

"கொண்டு போயி?"

சந்திரவல்லி கதவைப் பார்த்தபடி நின்றாள்.

"அறுப்பாக," என்றாள் ராமுத்தாய். "என் பிள்ளைய அறுத்து, கோணிச் சாக்கத் தைக்கிற மாதிரித் தச்சுக் குடுப்பாக. ஒங்கப்பன அப்படித்தான குடுத்தாக? மூஞ்சியக்கூட முழுசாப் பாக்கல நானு. வேணாம்டி. அவன்தான் ஒத்துக்கிட்டான்ல. தெருவே கேட்டுச்சுல்ல. போதும்."

"இன்னைக்கு ஒத்துக்கிட்டான். நாளைக்கு மொதலாளி வக்கீல் வச்சா, ஆட்டத்துக்குச் சொன்னேம்பான். உள்ள போனது புகைதான்னு ஆஸ்பத்திரியில சொல்லணும் ஆத்தா."

"அவனுக்கு வலிக்காதாடி?"

உள்ளே இடிப்பது நின்றிருந்தது. ராஜாராம் தேம்பும் சத்தம் மட்டும் கேட்டது. சந்திரவல்லி நாதாங்கிமேல் கையை வைத்தாள். எடுத்தாள். அம்மாவைத் தாண்டிப் பந்தலுக்குப் போய்த் தம்பியின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏட்டையாவும் ஒரு போலீஸ்காரரும் வந்து கதவைத் திறந்தார்கள். ராஜாராம் குளித்ததுபோல் வேர்த்து நனைந்து வெளியே வந்தார். "ஆட்டத்துக்குச் சொன்னேன் ஏட்டையா, அந்தப் பிள்ள தூண்டித் தூண்டிக் கேட்டுச்சு," என்றார். "நாங்க கேட்டோம்" என்று பந்தலில் ஒருவர் சொன்னார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லாரும். சந்திரவல்லி வேட்டியை விலக்கித் தம்பியின் விரல்களைப் பிரித்துக் காட்டினாள். ஏட்டையா குனிந்து அந்தச் சிராயைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒடம்பக் கொண்டு போகணும்மா."

"கொண்டு போங்க."

தேவாரத்து பஸ்சிலிருந்து இறங்கி வந்த தாய்மாமன் சீனிச்சாமி, கையில் கோடித்துணியோடு தெருமுனையில் நின்றுவிட்டார். மருமகனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "எங்கத்தா கொண்டு போறீக? நான் போத்த வேணாமா?" என்று கேட்டார்.

"திரும்பி வந்ததும் போத்திக்கலாம் மாமா," என்றாள் சந்திரவல்லி.

அவர் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ராமுத்தாய் ஜீப்பில் ஏறவில்லை. மகன் படுக்கும் தலையணையைக் கொண்டுவந்து பின்பக்கம் விளிம்பில் வைத்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கன்னையன் வண்டியை எடுத்தான். சந்திரவல்லி தலையணையை எட்டி எடுக்கவில்லை. தம்பியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைத்தெரு வந்தது. கிட்டங்கி வாசலில் அவளோடு காய் பொறுக்குகிற பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று பார்த்தார்கள். அதைத் தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. அவன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. இரண்டு காதுகளையும் பொத்துவதுபோல் உள்ளங்கைகளால் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் போ கன்னையா," என்றாள்.

"மெதுவாத்தான்க்கா போறேன்."

"இன்னும் மெதுவா."