கூரைக்குப் போன பல்

கைக்கியின் முன்பல் விழுந்ததும் இவானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் ஏன் இப்படி இருக்கிறான் என்று அவள் கேட்காத டாக்டர் சாவ் பாவுலோவில் பாக்கியில்லை. ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்களே தவிர, ஏன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பால்பல்லுக்குள் உயிரணு இருக்கிறதாம், அதை வளர்த்து மூளை அணுவாக மாற்றிக் காரணம் தேடுவார்களாம். பல்கலைக்கழகத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் நிரப்பிய குப்பி ஒன்று எப்போதோ வந்துவிட்டது. பல் காய்வதற்குள் அதில் போட வேண்டும்.

கைக்கி விட்டால்தானே! அக்காவின் பல்லெல்லாம் கூரைமேல் போனதைப் பார்த்தவன். பேச்சு வராத பிள்ளை, கூரையைக் காட்டிக் காட்டி அலறினான்.

"எறிஞ்சு தொலையேன், பிள்ளைக்குத் தொண்டை கிழியுது," என்றான் அவள் புருஷன் ஜிவால்டோ.

"நீ சொல்லிட்டுப் பஸ் ஓட்டப் போயிடுவ! எனக்கு ஏன்னு தெரியணும்."

"தெரிஞ்சு?"

தெரிந்தால் பழி தன்னை விட்டு விலகுமா, வந்து ஒட்டிக்கொள்ளுமா? ஒன்றும் புரியாமலே பல்லைக் குப்பியில் போட்டு மூடினாள். பாயசத்துக்கு வாங்கிய வெள்ளை மக்காச்சோளத்தில் பல் மாதிரி ஒரு மணியைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். குப்பியோடு அனுப்ப ஐஸ் எடுக்க உள்ளே போனாள். கைக்கி மேசையருகிலேயே நின்றான். மூடி என்றால் அவனுக்கு உயிர், எதையும் திறந்து திறந்து மூடுவான்.

திரும்பி வந்தவள், வெட்கத்தில் தட்டைப் பார்க்காமலே, அதிலிருந்ததை எடுத்துக் கூரைமேல் வீசினாள். ஓட்டில் 'டக்' என்றது. கைக்கி கைதட்டிக் குதித்தான். 'இவனுக்கு ஏமாற்றவே தெரியாது' என்று ஒரு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட பிள்ளையைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மறுநாள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்து ஜனைனா போன் செய்தாள்.

"இவானி அம்மா, தப்பா நினைக்காதீங்க. குப்பிக்குள்ள மக்காச்சோளம்தான் இருக்கு."

"என்னது? பல்லை என் கையாலதானே போட்டேன்!"

"பல்லே இல்லைங்க."

இவானி திரும்பினாள். கைக்கி ஒரு ஜாடியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"டேய், நீயாடா?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்தான்.

திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏன் என்ற கேள்விக்கான பதில் ஓட்டின்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

"ஹலோ? அடுத்த பல் விழுந்தா அனுப்புவீங்கல்ல?"

"எம்புள்ள என்னை ஏமாத்திட்டான்மா! கேட்டியா? ஏமாத்திட்டான்!"

அந்த அம்மாள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஜனைனாவுக்குப் புரியவில்லை. இவானிக்கும்தான்.