கரைய மறுத்த ஊதா

டப்பாவைத் திறந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரோமியம் குளோரைடு என்றால் பச்சைப் பரல்களாக இருக்கும். இதுவரை அப்படித்தான் வந்திருக்கிறது. இதுவோ ஊதா. கண்ணிமையில் பூசுகிற பொடி மாதிரி மினுமினுத்து, கையுறையில் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை பார்த்த முலாம் பட்டறை, கணவனின் அக்காவான நாத்தனாருடையது. தொட்டிக்கான கரைசலைத் தயாரிப்பது அவள் வேலை. கண்ணாடி முகவையில் எடுத்த தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பார்த்தாள். கரையவில்லை. சுடவைத்தாள், சில சொட்டு அமிலம் விட்டாள். ம்ஹூம், மணல் போல் அடியில் கிடந்தது.

விற்றவரைப் போனில் பிடித்தாள்.

"அதே சரக்குதாம்மா. இது தண்ணி சேராத காய்ஞ்ச வகை, அவ்வளவுதான்."

"உப்புன்னா கரையணும்ல?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் அவர்.

படித்ததெல்லாம் பொய்யோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாத்தனார் உள்ளே வந்தாள். "தொட்டி காலியா கெடக்கு. இன்னுமா ஆகல?"

"கரைய மாட்டேங்குது, அண்ணி."

"கலக்கத் தெரியலன்னு சொல்லு." கையில் அகப்பட்ட கட்டுக்கம்பியை விட்டு முகவையைக் கடகடவென்று கலக்கினாள்.

ஊதா கரைந்தது. கண்ணெதிரே தண்ணீர் கரும்பச்சையானது, முகவை சூடேறியது.

"பாத்தியா? கைராசி வேணும்!"

நாத்தனார் போனதும் அவள் இன்னொரு முகவையில் புதிதாக ஊதாவைப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். கை வலித்ததுதான் மிச்சம். வேறு வழியின்றி மறுபடி கூப்பிட, நாத்தனார் பெருமையோடு வந்து கம்பியை விட்டாள். மறுபடியும் பச்சை! கைராசியை நம்புவதா, படித்ததை நம்புவதா?

கம்பியை வாங்கித் துடைத்தபோது நுனி மட்டும் பளபளப்பு போய்க் கறுத்திருந்தது. துருப்பிடிக்காமலிருக்க மேலே பூசியிருந்த துத்தநாகம் போயிருந்தது. ஓடிப்போய் அலமாரியிலிருந்து துத்தநாகத் தூள் எடுத்து, இன்னொரு முகவையில் ஒரு சிட்டிகை போட்டாள். கண்ணாடிக் குச்சிக்கே ஊதா கரைந்தது.

ஆனால் இத்தனூண்டு தூள் எப்படி அவ்வளவையும் கரைக்கும்? பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். துத்தநாகம் குரோமிய அணுக்களில் சிலவற்றுக்கு ஆளுக்கொரு எலக்ட்ரானைக் கொடுக்குமாம். அவை அதைச் செதிலில் இருப்பவற்றுக்குக் கைமாற்றிவிட, வாங்கியது கழன்று தண்ணீருக்கு வருமாம். வந்ததும் அடுத்ததற்குக் கொடுத்துவிடுமாம். யாருமே வைத்துக்கொள்வதில்லை, அதனால் ஒரு சிட்டிகையே போதுமாம். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

மாலைக்குள் தொட்டி நிறைந்தது. முலாம் ஏறி வெளியே வந்த குழாய்த் திருகில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. அவள் நாத்தனாரிடம் துத்தநாக விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப என் கை ஒண்ணுமில்லையா?"

"கம்பியை எடுத்தது நீங்கதானே, அண்ணி."

"எல்லாத்தையும் விட்டுட்டு அந்தக் கம்பியை ஏன் எடுத்தேன்?" என்றாள் நாத்தனார்.