கயிறு இறுகும் முன்

ரஞ்சித்குமார் மறுபடியும் மேசைக்கு அடியில் குனிந்து கம்பிகளை அழுத்திப் பார்த்தான். மூன்று மானிட்டர்களும் ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தன. அவன் மனைவி பிரியதர்ஷினி அதைச் சொல்லவில்லை. மடியில் கிடந்த, படம் வரையும் பென் டேப்லெட்டின் கறுப்புப் பரப்பைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

அன்று காரிமங்கலத்தில் சந்தை. மாமியார் காசியம்மாள் பையை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டாள். வாசலைக் கடந்து ஆடுகளை ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஆரன் ஒலிக்கும் ரஞ்சித்குமார் நிமிர்ந்து சன்னலை முறைத்தான். அவனுடைய வலது கால் ஓயாமல் ஆடியது. அந்த ஆட்டத்தில் மேசையும், மேசைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியும் அதிர்ந்தன.

இன்னும் சற்று நேரத்தில் பெங்களூரிலிருந்து மாதவராஜ் அழைப்பார். ரஞ்சித்குமார் வேலை பார்க்கும் அனிமேஷன் நிறுவனத்தில் அவர்தான் எல்லாக் கலைஞர்களுக்கும் மேலாளர். குழந்தைகளுக்கான புதிய தொடர் ஒன்றுக்குத் தலைமை அனிமேட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். கடந்த ஓராண்டில் ரஞ்சித்குமார் அனுப்பிய காட்சிகள் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தன. தன் திரையைப் பகிர்ந்தபடி, அவர் கண்ணெதிரிலேயே ஒரு காட்சியை வரைந்து காட்டினால் போதும், அந்தப் பதவி அவனுக்குத்தான்.

அந்தக் காட்சிகளில் ஒன்றைக்கூட அவன் வரையவில்லை என்பது மாதவராஜுக்குத் தெரியாது. எல்லாம் பிரியதர்ஷினி வரைந்தவை.

அது இருவரும் கூடிப் பேசி எடுத்த முடிவன்று. திருமணமான புதிதில் வேலை குவிந்தபோது, கோடுகளைத் துப்புரவாக்க அவளுக்கு அவன்தான் கற்றுக்கொடுத்தான். பிறகு, ஓர் அசைவின் இரண்டு நிலைகளுக்கு இடையே வரும் படங்களை அவள் வரைந்தாள். பிறகு அந்த நிலைகளையே வரைந்தாள். அவன் மெல்ல மெல்ல அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து, காட்சிகளைக் கோப்பது, பெங்களூருக்குப் பேசுவது, கேட்ட திருத்தங்களைக் குறித்துக்கொள்வது என்று இருந்துவிட்டான். பேனா அவளிடமே தங்கிவிட்டது. பெயர் அவனிடம் இருந்தது.

போன மாதம் பாலக்கோட்டில் ஒரு கல்யாண வீட்டில், அவள் வரைந்த குரங்குக் குட்டி ஒருவர் கைப்பேசியில் துள்ளியது. பந்தி முடிந்த கூட்டம் அதைச் சுற்றி நின்று ரஞ்சித்குமாரின் முதுகில் தட்டியது. அவள் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றாள். அவன் ஒரு முறையாவது தன் பக்கம் திரும்புவான் என்று பார்த்தாள், திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எந்த இடத்திலும் இருப்புக்கொள்ளவில்லை.

முந்தின நாள் அவள் அந்தப் பேச்சை மெதுவாக எடுத்தபோது, "பேரு யாருதா இருந்தா என்ன, வூடு ஒண்ணுதானே?" என்று முடித்துவிட்டான். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்று இந்தத் தேர்வில் அவன் தேறிவிட்டால், இனி அவள் கையிலிருந்து பிறக்கும் எதுவும் அவளுடையது ஆகாது. பிறகு யாரிடம் சொன்னாலும், புருஷனின் வேலையில் பங்கு கேட்கிறவள் என்றுதான் பேர் வரும்.

இணையம் வலுவாக இல்லை என்று சொல்லிக் கேமராவை அணைத்து வைப்பது என்று ஏற்பாடு. இடது திரையில் மாதவராஜின் அழைப்பு. நடுத் திரையில் அவள் வரைவாள். அதை மட்டும் பகிர வேண்டும். வலது திரையில் டைம்லைன் இருக்கும். எந்தப் படம் எத்தனை நேரம் நிற்கிறது என்பதைக் காட்டும் பட்டை அது. அதன் அடியில் சின்ன எழுத்துக் கட்டம் ஒன்று. மாதவராஜ் எதையாவது கேட்டால் அவள் இடக்கையால் விடையைத் தட்டுவாள். அவன் படித்துச் சொல்வான். அவள் காதிலும் விழவேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரை வைத்திருந்தார்கள். பேசுவதற்கான மைக் அவன் தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் இருந்தது.

தொண்டையைக்கூடக் கனைக்கக் கூடாது என்று அவன் எச்சரித்தான்.

"தும்மல் வந்துச்சுன்னா?"

"வெளிய போய்த் தும்மு."

"அப்ப படம் தானா நின்னுருமேங்க மாமா. அவரு என்னன்னு கேப்பாரே."

அவன் சிரிக்கவில்லை. அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

மாதவராஜுக்குத் தாய்மொழி கன்னடம். ஆனாலும் ஒசூர்ப் பக்கத்தில் பல காலம் இருந்தவராதலால் தமிழ் நன்றாக வரும். அதிகம் பேசாமல் காட்சியைச் சொன்னார். ஒருவன் ஆட்டைக் கயிறு கட்டி இழுக்கிறான். ஆடு மறுக்கிறது. இழுக்க இழுக்க மறுக்கிறது. பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டது போலச் சட்டென்று இணங்கிவிடுகிறது. இழுத்தவன் மல்லாக்க விழுகிறான். எடை தெரிய வேண்டும், அதுதான் முக்கியம் என்றார்.

பிரியதர்ஷினியின் பேனா ஓடத் தொடங்கியது. முதலில் ஆட்டின் முதுகை ஒரே வளைவாக இழுத்தாள். கண் நடுத் திரையிலும் கை மடியிலுமாக, அவளுக்குள் ஒரு மாதமாக இருந்த பரபரப்பு அந்தக் கோட்டில் இறங்கியது. கழுத்தை முன்னே நீட்டினாள். உடம்பைப் பின்னே நிறுத்தினாள்.

"இப்ப ஆளோட கையைப் போடறேன் சார்" என்று ரஞ்சித்குமார் மைக்கில் சொன்னான்.

அவள் அப்போது வாலில் இருந்தாள். வாலைப் பாதியில் விட்டுவிட்டுப் பேனாவை ஆள் பக்கம் பாய்ச்சினாள். கை முளைத்தது. அவன் காதைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள், அவளாகவே காதுக்கு வந்துவிட்டாள். இப்படி அவன் சொல்லும் உறுப்புகளெல்லாம் திரையில் ஓடி ஓடி முளைத்தன. ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய 'ம்' ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது.

காட்சி ஒரு முறை ஓடி முடிந்ததும் மாதவராஜ் சிரித்தார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். பிறகு, டைம்லைனையும் பார்க்க வேண்டும் என்றார்.

ரஞ்சித்குமார் அவசர அவசரமாகப் பொத்தானை அழுத்தினான். பகிரப்படும் திரையைச் சுற்றி ஓடும் பச்சைக் கோடு நடுத் திரையை விட்டு வலது திரைக்குத் தாவியது. டைம்லைன் அங்கேதான் இருந்தது. அதன் அடியில் அவள் தட்டும் எழுத்துக் கட்டமும் இருந்தது. இப்போது அங்கே எதை எழுதினாலும் பெங்களூரில் தெரியும். ரஞ்சித்குமார் அதைக் கவனிக்கவில்லை. அவனுடைய புறங்கழுத்து வியர்த்திருந்தது. பிரியதர்ஷினி கவனித்தாள்.

"ரஞ்சித், ஒரு டவுட்டு" என்றார் மாதவராஜ். "கயிறு இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்கு. அதுக்குள்ள ஆடு பின்னங்கால ஊனிருச்சு. இழுத்த பிறகுதானே ஊனணும்? ஏன் முன்னாடியே வெச்சீங்க?"

"அது வந்து சார்... ஒரு ஸ்டைலுக்காக..."

"ஸ்டைல்னா?"

ரஞ்சித்குமார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். சொல், சீக்கிரம் தட்டு என்று புருவத்தை உயர்த்தினான்.

பச்சைக் கோட்டைச் சுட்டிக்காட்டிவிட்டு அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அவன் எதையாவது உளறிச் சமாளித்திருப்பான். படம் நன்றாக இருந்ததால் அவரும் விட்டிருப்பார். அவன்தான் கேட்கிறான், கேட்டதைத்தான் செய்கிறேன் என்று அவள் தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்றும் தெரிந்திருந்தது. இடக்கை விசைப்பலகையின் மேல் போயிற்று.

'மாமா, இழுக்கப் போறாங்கன்னு ஆட்டுக்கு முன்னாடியே தெரியும். ஆளு தோளத் திருப்பும்போதே அது கால ஊனிக்கும். கயிறு இறுகற வரைக்கும் காத்திருக்காது.'

ரஞ்சித்குமார் அதை வரி பிசகாமல் மைக்கில் படித்தான். முதல் சொல்லை மட்டும் விட்டுவிட்டான்.

சாலையில் ஒரு வண்டி ஆடுகளின் சத்தத்தோடு கடந்துபோயிற்று.

"மாமான்னு யாரைக் கூப்பிடறாங்க?" என்று மாதவராஜ் கேட்டார்.

ரஞ்சித்குமாரின் பார்வை அப்போதுதான் வலது திரையின் விளிம்பில் இருந்த பச்சைக் கோட்டுக்குப் போயிற்று. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

பக்கத்தில் தன் மனைவி இருப்பதாகவும், அவள் வீட்டில் ஆடு வளர்த்தவர்கள் என்பதால் யோசனை சொன்னதாகவும், படத்தை வரைந்தது தான்தான் என்றும் அவன் தொடர்ச்சி இல்லாமல் சொன்னான். பிரியதர்ஷினி நகத்தைக் கடித்தாள். அவள் வீட்டில் ஒருநாளும் ஆடு வளர்த்ததில்லை. அவளுடைய அப்பா முனியப்பன் தையற்கடை வைத்திருந்தார். சந்தைக்குப் போகும் ஆடுகளை இந்தச் சன்னல் வழியாகப் பார்த்துத்தான் அவள் கற்றிருந்தாள்.

"சரி. அந்த ஆள் விழற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்க. பேசாம போடுங்க" என்றார் மாதவராஜ்.

ரஞ்சித்குமார் நடுத் திரையைப் பகிர்ந்துவிட்டு அவள் மடியிலிருந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டான். பேனாவை அவளே நீட்டினாள். அவன் வரையத் தெரியாதவன் அல்லன். ஒரு காலத்தில் அவனுடைய கோட்டைப் பார்த்து அவள் வியந்ததுண்டு. ஆனால் பேனாவைத் தொட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தலையைப் போட்டான், அழித்தான். முதுகைப் போட்டான், அழித்தான். கடைசியில் திரையில் வந்த ஆள் விழவில்லை. தரையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தான். இடுப்பை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். பிரியதர்ஷினியின் விரல்கள் தாமாகவே துடித்தன. அவற்றை மடக்கிக்கொண்டாள்.

அவன் பேனாவை மேசையில் வைத்தான்.

"அவதான் சார் வரையறா. இதுக்கு முன்னாடி அனுப்பினதும் அவதான்."

"ஆய்த்து" என்றார் மாதவராஜ். 'சரி, ஆயிற்று' என்னும் அந்தக் கன்னடச் சொல்லுக்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது. இந்தத் தேர்வு செல்லாது என்றார். ஓராண்டுக் காலம் நிறுவனத்தை ஏமாற்றியதை மேலிடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. ரஞ்சித்குமாரின் வேலை என்னவாகும் என்று தனக்கே தெரியாது என்றார். பிறகு, வரைகிறவர் விரும்பினால் அவரை முதலிலிருந்து, வேறொரு காட்சி கொடுத்து, இப்போதே பார்ப்பதாகவும், எந்த உறுதியும் தர முடியாது என்றும் சொன்னார். பெயர் என்ன என்று கேட்டார்.

"பிரியதர்ஷினி ரஞ்சித்குமார், சார்."

அதைச் சொல்லிவிட்டு அவன் ஹெட்செட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அதை மாட்டிக்கொண்டாள். மைக் அவன் மூச்சால் இன்னும் சூடாக இருந்தது.

"மு. பிரியதர்ஷினிங்க சார்" என்றாள். "சர்டிபிகேட்ல அப்படித்தான் இருக்கு. அப்படியே எழுதிக்குங்க."

ரஞ்சித்குமார் எழுந்து நின்றான். போவதா நிற்பதா என்று தெரியாமல் சன்னல் வரை போய்த் திரும்பி வந்தான்.

மாதவராஜ் காட்சியைச் சொன்னார். ஒரு பெண் பஸ்ஸுக்காக நிற்கிறாள். பஸ் வரவில்லை, வேறொன்றும் நடக்கவில்லை. நின்றால் மட்டும் போதும், ஆனால் பொம்மை போல நிற்கக் கூடாது.

வாசலில் காசியம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டது. சந்தைப் பை கனக்கிறது, யாராவது வந்து பிடியுங்கள் என்று அவள் குரல் கொடுத்தாள். பிரியதர்ஷினி நாற்காலியில் பாதி எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். ரஞ்சித்குமார் அவளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

"நீயேன்டா வர்ற? உனக்கு அங்க வேலை இல்லியா?" என்று காசியம்மாள் கேட்டது, ஹெட்செட்டையும் மீறிக் காதில் விழுந்தது. அவன் என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை. ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினால் கேட்டிருக்கும்.

அவள் விலக்கவில்லை. நிற்கும் பெண்ணின் எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது என்று யோசித்து, இடது பாதத்திலிருந்து தொடங்கினாள்.