இரண்டு சோடிச் செருப்பு

தேன்நிலவைப் பற்றி ஏழு பேர் சேர்ந்து ஒரு கலைக் கண்காட்சி வைத்தார்கள். ஏழு பேரில் ஆறு பேருக்குக் கலியாணமே ஆகவில்லை. ஆன ஒருத்தியும் புருஷனைப் பிரிந்து இரண்டு வருசமாம். நான் இட்டுக்கட்டவில்லை, அவர்களே சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இடம், நான் சமைக்கிற கற்பிட்டி ஹோட்டலின் பெரிய மண்டபம். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் இல்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அதை நிரப்பினார்கள். ஒருவர் இரண்டு தலையணைகளைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். இன்னொருவர் நல்ல மெத்தையில் மூன்று மூட்டை மணலைக் கொட்டி, பக்கத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார். அந்த மணலை யார் அள்ளுவது என்பது மட்டும் விளக்கத்தில் இல்லை.

அவர்களில் அஜித்தா என்ற பெண் தமிழ் பேசுவாள். சிலாபத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வளர்ந்தது கொழும்பில். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கிழமை முழுக்கக் குசினியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"அன்ரி, நீங்க ஹனிமூனுக்கு எங்க போனீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, கற்பிட்டிப் பக்கம் முகாமில் கிடந்தோம். தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு குடிலில் பத்துப் பேர். புதிதாக நிக்காஹ் முடித்தவர்கள் எங்கே போவார்கள்? பெரியவர்கள் கூடி, முகாமின் ஓரத்தில் ஒரு குடிலை அதற்கென்றே ஒதுக்கினார்கள். மாப்பிள்ளைக் குடில் என்று பெயர். ஒரு சோடிக்கு ஒரு கிழமை, ஏழு நாள். பிறகு அடுத்த சோடி. எனக்கும் மர்ஸூக்குக்கும் மறுவருசம் முறை வந்தது. அந்தக் கிழமையில் மூன்று நாள் அவர் என் மடியில் தலை வைத்து அழுதார். வரும் வழியில் மவுத்தான வாப்பாவை முகம் தெரியாத ஊரின் மையவாடியில் அடக்கிவிட்டு வந்த மனிதர். வேறு யார் முன்னாலும் அவர் கண் கலங்கியதில்லை. எனக்கு அவர்மேல் ஆசை வந்தது அப்போதுதான்.

அஜித்தா இதைக் கைபேசியில் பதிந்துகொண்டாள். ஞாபகத்துக்கு என்றாள். ஒரு கடதாசியில் கையெழுத்தும் வாங்கினாள். நானும் போட்டுக் கொடுத்தேன், மடச்சி.

திறப்பு விழாவன்று காலை தேத்தண்ணி கொண்டு மண்டபத்துக்குப் போனால், நடுவில் எங்கள் குடில் நிற்கிறது. கிடுகு, வாசலில் சாக்குத் திரை, எல்லாம் அப்படியே. குனிந்து உள்ளே நுழைந்தேன். என் குரல் கேட்டது. "மூணு நாளும் அழுதாரு புள்ள, சின்னப் புள்ள மாதிரி..." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

மர்ஸூக் இன்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். நாலு மணிக்கு முகாமின் பழைய ஆட்களையெல்லாம் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வரப்போகிறார். அழைத்தவளும் அஜித்தாதான்.

"இத நிப்பாட்டு புள்ள. அவரு வாறாரு."

"ஐயோ அன்ரி, இந்த வேலைக்கு உயிரே அதுதான். ஒரு ஆம்பிள அழுறது எவ்வளவு அழகு தெரியுமா?"

அழகாம். தன் அப்பா அழுததைப் பதிந்து ஊருக்குப் போட்டுக் காட்டட்டுமே.

"அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை."

"நீங்க சைன் பண்ணியிருக்கீங்களே அன்ரி."

ஒலிபெருக்கியைப் பிடுங்கலாமென்று தேடினேன். கூரைக்குள் வைத்துக் கிடுகோடு பின்னியிருந்தார்கள். குடிலையே பிரித்தால்தான் கைக்கு வரும்.

அப்போதுதான் நினைவு வந்தது. அவளிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்தக் குடிலுக்குக் கதவு கிடையாது. வாசலில் ஒரு ஆண் செருப்பும் ஒரு பெண் செருப்பும் சோடியாகக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். முகாமில் எவரும் அந்தப் பக்கம் தலை வைக்க மாட்டார்கள். பிள்ளைகளின் பந்து அங்கே உருண்டாலும் செருப்பு எடுபடும்வரை அங்கேயே கிடக்கும்.

நாலு மணிக்கு வான் வந்தது. நான் என் செருப்பைக் கழற்றிச் சாக்குத் திரைக்கு முன்னால் வைத்தேன். மண்டபத்துக்குள் முதலில் வந்தவர் மர்ஸூக்.

"இஞ்ச பாருங்க, செருப்பக் கழட்டி இதுக்குப் பக்கத்தில வைங்க. ஏன் எண்டு கேக்காதீங்க."

அவர் குடிலைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். கழற்றி வைத்தார்.

அடுத்து வந்த ஜபார் காக்கா செருப்பைக் கண்டதும் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

"வாங்க, வாங்க, நாம அந்த மணல் கட்டிலப் பாப்பம்."

வானில் வந்த அத்தனை பேரும் அவர் பின்னால் போனார்கள். என் முகாம் கூட்டாளி றைஸா மட்டும் என் இடுப்பில் கிள்ளி, "இந்த வயசிலயுமாடி?" என்றாள்.

அஜித்தா பின்னாலேயே ஓடினாள். "இது உங்கட குடில்தானே, உள்ளுக்கு வாங்களேன்!"

"செருப்புக் கிடக்கே, மகள்," என்றார் ஜபார் காக்கா, அந்தப் பக்கம் பார்க்காமலே. அஜித்தா செருப்பைப் பார்த்தாள். ஒரு மண்ணும் விளங்கவில்லை அவளுக்கு. இவ்வளவு படித்தவளை இரண்டு சோடிச் செருப்பால் மடக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

கொழும்புக்காரர்களை நான் மறந்துவிட்டேன். உயர்ந்த குதிச் சப்பாத்துப் போட்ட ஒரு தமிழ் அம்மணி செருப்பைக் காலால் தட்டிவிட்டுக் குடிலுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அஜித்தா கைகாட்ட, நேரே வந்து மர்ஸூக்கின் கையைப் பிடித்தாள்.

"நீங்கதானா அது? மூணு நாளும் அழுத மாப்பிள்ள?"

மண்டபமே திரும்பியது. மர்ஸூக் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அவர் மெல்லக் குடில் வாசலுக்குப் போனார். புரண்டு கிடந்த தன் செருப்பை நிமிர்த்தி, என் செருப்புக்குப் பக்கத்தில் திரும்பவும் வைத்தார்.

"அந்த மாப்பிள்ள உள்ளுக்க இருக்காரு," என்றார் அம்மணியிடம். "செருப்புக் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியல்லயா உங்களுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. நான் செருப்பை எடுக்கக் குனிந்தேன்.

"கிடக்கட்டும், வா," என்றார். இருவரும் வெறுங்காலோடு வானுக்கு நடந்தோம்.